அம்மை வந்தவர்கள் மட்டும்

மார்ச் 10

மருந்துக்கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் மேஜையில் காபி டம்ளருக்கு அடியில் கிடந்தது. இன்று என்னை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் எழுதுகிறேன்.

காலையில் பேத்தி ஷாரோனைக் குளிப்பாட்டப் போன மருமகள் ஜெசிந்தா குளியலறையிலிருந்தே கத்தினாள். "மாமா, இங்க வராதீங்க! பாப்பா பக்கத்துல வந்துராதீங்க!" பிள்ளையின் முதுகில் நாலைந்து நீர்க்கொப்புளம், வயிற்றில் இரண்டு. ஆறு வயதுக்காரி. என்னவோ பரிசு கிடைத்த மாதிரி கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாளாம்.

ஜெசிந்தா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி ஒரு வருடம் டயாலிசிஸில் கிடந்தவன் நான். அதற்கப்புறம் என் அக்கா பிலோமினா தன்னுடையதில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அது ஆகி இரண்டு வருடம். அன்றிலிருந்து தினமும் மூன்று வகை மாத்திரை. அவை என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டித் தூங்கவைக்கின்றன. இல்லாவிட்டால் என் உடம்பே அக்காவின் சிறுநீரகத்தை அந்நியன் என்று அடித்துத் துரத்திவிடும். அக்காவின் சிறுநீரகம் பத்திரமாக இருக்கிறது, சரி. ஆனால் வேறு எந்தக் கிருமி உள்ளே வந்தாலும் கேட்பதற்கு ஆளில்லை.

நேற்று வரை ஷாரோன் என் பக்கத்தில்தான் படுத்தாள். என் கையை இழுத்துத் தன் கழுத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

ஆனாலும் நான் பயப்படவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்து, "எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்துட்டுப் போயிருச்சும்மா. திரும்ப வராது," என்றேன்.

"இருந்தாலும் மாமா," என்றாள்.

அவளுடைய 'இருந்தாலும்' வந்துவிட்டால் அதற்கு மேல் வீட்டில் யாரும் பேச முடியாது. மதியமே பிள்ளையை அழைத்துக்கொண்டு பாலக்கரையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் பெங்களூரிலிருந்து இதுவரை ஆறு தடவை போன் செய்துவிட்டான்.

மார்ச் 11

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டர் எழில்மதி என் மகன் வயதுப் பெண். எதையும் அதட்டிச் சொல்ல மாட்டார், அதனாலேயே எனக்கு அவரிடம் பயம்.

"சின்ன வயசுல அம்மை வந்திருக்கா சார்? நிச்சயமாத் தெரியுமா?"

முப்பத்தோரு வருடம் திருச்சி ஜங்ஷனில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எந்த ரயில் எந்தக் கிழமை, எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வேன். என்னிடம் வந்து 'நிச்சயமா' என்று கேட்கிறார். நெற்றியில் இருக்கும் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். "எழுபத்தொண்ணாம் வருஷம் மே மாசம். நாங்க மூணு பிள்ளைங்களும் ஒரே பாயில கிடந்தோம்."

"இருக்கட்டும் சார், ரத்தம் ஒண்ணு எடுத்துப் பார்த்துருவோம். அம்மை வந்திருந்தா உடம்பு அதை மறக்காது. அந்தக் கிருமியை அடையாளம் தெரிஞ்ச அணுக்கள் ஆயுசுக்கும் ரத்தத்துல இருக்கும்."

"எங்க அக்காவுக்கும் வந்திருக்கு டாக்டர். அவங்க கிட்னிதானே உள்ள இருக்கு? எனக்கு டபுள் பாதுகாப்பு."

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்னி வெறும் சல்லடை சார். அதுக்கு ஞாபகமெல்லாம் கிடையாது. ஞாபகம் உங்க ரத்தத்துலதான் இருக்கணும்."

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எல்லாம் ரயிலில் டிக்கெட் பார்க்கும் எங்கள் டி.டி.இ. விவகாரம்தான். புதிதாக ஒருவன் டிக்கெட் இல்லாமல் ஏறினால், டி.டி.இ. ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்து கண்டுபிடிப்பதற்குள் அவன் பாதி தூரம் போய்விடுவான். ஆனால் ஏற்கெனவே ஒருதரம் பிடிபட்ட முகம் என்றால் பிளாட்பாரத்திலேயே சட்டையைப் பிடித்துவிடுவார். அக்காவின் சிறுநீரகம் என் வண்டியில் ரிசர்வேஷன் இல்லாமல் வருகிறது. அதை இறக்கிவிடக் கூடாது என்பதற்காக டி.டி.இ.க்கு மாத்திரை கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். உட்கார்ந்தால் என்ன, அம்மையின் முகம் அவருக்குத் தெரியும்.

மார்ச் 12

ரிசல்ட் நாளைக்குத்தான். இன்று முழுக்க அந்தக் கோடையே ஞாபகம். எழுதிவைத்தால் ஷாரோன் பின்னாளில் படிப்பாள்.

பொன்மலை ரயில்வே காலனி. சிவப்புச் செங்கல் குவார்ட்டர்ஸ், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். அப்பா பணிமனையில் ஃபிட்டர். சங்கு ஊதினால் காலனி முழுக்க சைக்கிள் மணி. சுவருக்கு அந்தப் பக்கம் காதர் பாய் வீடு. அவருடைய மனைவி மைமூன் அத்தையின் சிரிப்பு எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அந்த மே மாதம் முதலில் அக்காவுக்குத்தான் அம்மை போட்டது. அவளுக்குப் பதினொரு வயது. அப்புறம் சேவியர் அண்ணனுக்கு, அப்புறம் எனக்கு. முன்னறையில் பாயை விரித்து, அதன் மேல் அப்பாவின் வெள்ளை வேட்டி, அதன் மேல் வேப்பிலை. அம்மா கோயில் தவறாதவள். தலைமாட்டில் செபமாலையும் உடம்புக்குக் கீழே வேப்பிலையுமாக எங்களைப் போட்டுவிட்டு, "ரெண்டு பேருமாச் சேர்ந்து பார்த்துக்கட்டும்," என்றாள். மாதாவையும் மாரியம்மனையும் சொன்னாள்.

என் முகம் அப்படி வீங்கிவிட்டது. காலையில் இரண்டு கண்ணையும் திறக்க முடியாது. அம்மா ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் திறந்துவிடுவாள். உப்பில்லாத கஞ்சி. அந்த உப்பில்லாத கஞ்சியின் ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. சொறியக் கூடாது. வேப்பங்கொத்தால் லேசாகத் தடவிக்கொள்ள வேண்டும். அண்ணனும் அக்காவும் ஒருவர் முதுகை ஒருவர் தடவிவிட்டுக்கொண்டு சிரிப்பார்கள். அந்தக் காட்சி போட்டோ மாதிரி என் கண்ணில் இருக்கிறது. பாயில் இரண்டு தலை, பக்கத்துப் பக்கத்தில், மேலே இருந்து பார்ப்பது போல. நான் அப்போது எழுந்து நின்றிருந்தேன் போலிருக்கிறது.

பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள். பின்பக்க முற்றத்தில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்திருந்தார்கள். வரிசையாக நிற்கவைத்து அம்மா ஊற்றினாள். சூடு ஏறிய தண்ணீர், கசந்த வாசனை. கண்ணைத் திறந்தால் வெயிலில் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ குளித்திருக்கிறேன், அதைப் போல இன்னொரு குளியல் கிடையாது. அம்மா, அப்பா, அண்ணன் மூன்று பேரும் போய்விட்டார்கள். அந்த நாளைச் சொல்வதற்கு இப்போது நானும் அக்காவும்தான் மிச்சம்.

அந்த வருடமோ, வேறு ஒரு வருடமோ, கொஞ்ச நாள் காதர் பாய் வீட்டில் இருந்ததாகவும் ஞாபகம். எதற்கென்று தெரியவில்லை. விருந்துக்காக இருக்கும்.

மார்ச் 13

ரிசல்ட் நெகட்டிவ். எனக்கு அம்மை வந்ததற்கான அடையாளமே ரத்தத்தில் இல்லையாம்.

லேபில் வேறு யாருடைய ரத்தத்தோடோ மாற்றிவிட்டார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் அதேதான்.

திண்டுக்கல்லுக்கு, அக்காவுக்கு, போன் போட்டேன். "அக்கா, இங்க டெஸ்ட் எடுத்ததுல எனக்கு அம்மையே வரலைன்னு சொல்றாங்க. நீயாவது டாக்டர்கிட்ட எடுத்துச் சொல்லு."

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கும் கேட்கும் குரல். அந்தக் குரல் இறங்கி ஒலித்தது.

"உனக்கு எப்படா அம்மை வந்துச்சு?"

"விளையாடாதக்கா. நாம மூணு பேரும்..."

"எனக்கும் சேவியருக்கும்தான்டா வந்துச்சு. ஷாரோனுக்குப் போட்டிருக்குன்னு ஏன்டா எனக்கு முன்னாடியே சொல்லல? அங்கேயே இரு. நாளைக்குக் காலைல வந்துருவேன்."

என்னைக் கேட்டால் அக்காவுக்கும் வயதாகிறது. மறதி.

மார்ச் 14

காலையில் ஊசி போட்டார்கள். அம்மை வந்து தேறியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளாம். வேறு டிவிஷனிலிருந்து டி.டி.இ.யைக் கடன் வாங்குவது மாதிரி. சில வாரம் வேலை செய்துவிட்டுப் போய்விடும், எனக்கென்று ஞாபகம் எதையும் விட்டுவைக்காது. "இது வராம தடுக்கலாம், இல்லேன்னா வந்தாலும் வேகத்தைக் குறைக்கலாம். ஒரு மாசம் கவனமா இருங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அக்கா. கையில் ஒரு பை, கழுத்தில் அந்தப் பழைய விசில். அது இல்லாமல் அவளால் இருக்க முடியாது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொப்புளம் இல்லை என்று உறுதியான பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னாள்.

"அந்த வருஷம் உனக்கு மூஞ்சி வீங்கிக்கிட்டே இருந்துச்சுடா. அம்மைனால இல்ல. நீர் சரியாப் பிரியாத சீக்கு. உப்பில்லாக் கஞ்சி அதுக்குத்தான். ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்துட்டு, இதைத் தின்கிற பிள்ளைக்கு அம்மை வந்தா பிழைக்கிறது கஷ்டம்னு அம்மாகிட்ட சொல்லிட்டாரு. அடுத்த வாரமே எனக்குப் போட்டுருச்சு. அப்பா வேலைக்குக்கூடப் போகல, உன்னைத் தூக்கிட்டுப் போயி காதர் பாய் வீட்டுல விட்டுட்டாரு. எப்படியோ உனக்கு ஒட்டல."

"பாயில நீயும் அண்ணனும் படுத்திருந்தது கண்ணுக்குள்ள இருக்கேக்கா."

"மைமூன் அத்தை வீட்டுச் சுவத்துல மேல காத்தோட்டத்துக்கு ஒரு ஓட்டை இருக்கும். நீ பெஞ்சு மேல ஏறி அது வழியா எங்களைப் பார்த்துக்கிட்டே நிப்ப. மூக்கு மட்டும் தெரியும். சேவியர் உன்னைக் காட்டிக் காட்டிச் சிரிப்பான்."

"தண்ணி ஊத்துனது?"

"எங்களுக்கு ஊத்துன அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு ஊத்தலையேன்னு தரையில விழுந்து புரண்ட. அம்மா சிரிச்சுக்கிட்டே உனக்கும் ரெண்டு சொம்பு ஊத்துனா. அதுலேருந்து எங்க மூணு பேருக்கும் அம்மை வந்தப்போன்னு காலனி முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்ச. திருத்துனா அழுவியேன்னு யாரும் திருத்தல. அப்புறம் எங்களுக்கே மறந்து போச்சு."

நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீர்க் குழாயில் விழுந்து முட்டிக்கொண்டதாம்.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அறுபது வயதுக்காரன் இதற்கெல்லாம் வருத்தப்படலாமா? வருத்தமாகத்தான் இருக்கிறது. உயிர் பயம்கூட இரண்டாவதுதான். அந்தப் பாயில் எனக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

மார்ச் 17

அக்காவின் ஆட்சி. காலையில் விசில் ஊதினால் எழ வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கருவியை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்ட வேண்டும். "திரும்பு. கையைத் தூக்கு. அடுத்த கை." பள்ளியில் இவளிடம் படித்த பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

இன்று பூண்டு உரித்தேன். கொத்தமல்லி ஆய்ந்தேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, பொட்டாசியம் போகத் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். என் சாப்பாட்டுச் சட்டமெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். இருந்தும் நானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன்.

மார்ச் 21

ஷாரோன் வீடியோவில் வந்தாள். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. மூக்கில் ஒன்று இருந்ததாம், அதைத்தான் பெருமையாகக் காட்டினாள்.

"தாத்தா, உனக்கு வந்துச்சா?"

"இன்னும் இல்லடா."

"வந்தா சொல்லு. சொறியக் கூடாது, சரியா?"

மார்ச் 24

குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போகக் கூடாது. அக்கா மட்டும் போய் எனக்கும் ஒரு ஓலை வாங்கி வந்தாள். மத்தியானம் முழுக்கப் பழைய கதை. அண்ணன் ஓலையில் சிலுவை செய்யத் தெரியாமல் பாம்பு செய்து அப்பாவிடம் உதை வாங்கியது எனக்கு ஞாபகம் இருந்தது, அக்காவுக்கு இல்லை. எனக்குச் சின்ன சந்தோஷம்.

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆபரேஷன் தழும்பு குளிர் காலத்தில் மட்டும் இழுக்கும் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். இது மார்ச் மாதம்.

மார்ச் 31

ஈஸ்டர். கேக் வந்தது. நான் வாசனை பார்த்தேன், அக்கா சாப்பிட்டாள். முதுகில் ஒன்றும் இல்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 3

காதுக்குப் பின்னால் ஒன்று. காலர் பட்டு அரித்தது. அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். நெஞ்சில் மூன்று.

அவள் விசில் ஊதவில்லை. "கிளம்புடா ராஜு," என்றாள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் தனி அறை. வாசலில் ஒரு நர்ஸ் பெண் நின்று, கூட வருகிறவர்களையெல்லாம் கேட்டாள். "உங்களுக்கு அம்மை வந்திருக்கா? வந்தவங்க மட்டும்தான் உள்ள இருக்கலாம்." பெங்களூரிலிருந்து ஓடிவந்த என் மகனுக்கு வந்ததில்லை. ஜெசிந்தாவுக்கு வந்ததில்லை. அக்கா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலக் கையைத் தூக்கினாள்.

ஏப்ரல் 4

டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். அவர் உட்கார்ந்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

கிருமியை அடக்கும் மருந்து நரம்பு வழியாக ஏறுகிறது. அது கிருமி பெருகுவதைத்தான் தடுக்குமாம். இருப்பதை அழித்து முடிக்க என் உடம்புதான் எழுந்து வரவேண்டும். அது எழ வேண்டுமானால் தூங்கவைக்கும் மாத்திரைகளில் ஒன்றை, அந்த ரோஸ் நிற மாத்திரையை, நிறுத்த வேண்டும்.

"நிறுத்தினா கிட்னிக்கு?" என்றேன்.

"முழிச்சுக்கிற உடம்பு கிருமியை மட்டும் பார்க்கும்னு சொல்ல முடியாது சார். கிட்னியையும் பார்க்கலாம். பாதிக்க வாய்ப்பிருக்கு. போகவே போயிரும்னு சொல்லல. ஆனா இப்ப எனக்கு உங்க உயிர்தான் முதல்ல."

"நிறுத்துங்க டாக்டர்," என்றாள் அக்கா. யோசிக்கவே இல்லை.

நானும் தலையாட்டினேன். நர்ஸ் தாளில் அந்த மாத்திரையின் பெயரை அடித்துவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பை என் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5

காய்ச்சல் நூற்று மூன்று. முகம், கழுத்து, தலைக்குள், வாய்க்குள்கூடக் கொப்புளம். சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் 1.3. பழையபடியே இருக்கிறது. எனக்கு அது போதும்.

ஏப்ரல் 6

புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்நேரம் குறைய ஆரம்பித்திருக்க வேண்டும் என்று டாக்டர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கிரியாட்டினின் 1.3. அவருக்கு ஆச்சரியம். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 7

இருமல். மூச்சு வாங்குகிறது. நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். நுரையீரலிலும் லேசாக இறங்கியிருக்கிறதாம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். எழுத்து கோணலாக வருகிறது.

இரவல் வாங்கின வெள்ளி விளக்கை வீட்டில் வைத்திருப்பது போலத்தான் இந்த இரண்டு வருடம் அக்காவின் சிறுநீரகத்தை வைத்திருக்கிறேன். கனம் தூக்கியதில்லை. கல்யாண வீட்டில் ஒரு அப்பளம் தின்றதில்லை. பஸ்ஸில் யாராவது முழங்கையால் இடித்தால் அவர்களை முறைப்பேன். அறுபத்திரண்டு வயதில் உடம்பை அறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் தள்ளுவண்டியில் வந்து என் அறைக் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினவள் அவள். அதை என் காலத்தில் நான் தொலைக்க மாட்டேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறாள். நர்ஸ்களுக்கு நிறைய வேலை. நல்லது.

ஏப்ரல் 8

இதை எழுதவேண்டுமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதுகிறேன்.

என் தலைமுடி கொப்புளத்தில் ஒட்டிக்கொண்டது. வாரிவிடச் சீப்பு தேடி அக்கா என் மருந்துப் பையைத் திறந்தாள். ரோஸ் மாத்திரை அட்டை கையில் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டில் தினமும் எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள். புதிதாக எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

"நிறுத்தச் சொல்லி நாலு நாளாச்சு. தின்னுக்கிட்டு இருக்கியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாயைத் திறந்து பேசுடா. தின்னுக்கிட்டு இருக்கியா?"

"உன் கிட்னி போயிரும்கா."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். கொப்புளம் இல்லாத இடமாகத் தேடி, முழங்கைக்கு மேலே ஒரு அடி வைத்தாள். நிஜமாகவே வலித்தது.

"என் கிட்னியா? எங்கடா எழுதியிருக்கு என் பேரு? அதைப் பத்திரமா வெச்சிருந்து எனக்குத் திருப்பித் தரப்போறியா? உன்னைப் பார்த்துக்கிறதுக்குத்தான்டா அதைக் கொடுத்தேன். அதை நீ பார்த்துக்கிறதுக்கு இல்ல."

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு..."

"அம்மா இல்ல, அப்பா இல்ல, சேவியர் இல்ல. நீயும் போயிட்டா, அந்த வீட்டுல நான் ஒருத்தி இருந்தேன்னு சொல்றதுக்கு எனக்கு யாருடா இருக்கா? தப்புத் தப்பா ஞாபகம் வெச்சிருந்தாலும் நீதான்டா வெச்சிருக்க."

அப்புறம் அழுதாள். அம்மா இறந்தபோதுகூடக் கணீரென்று எல்லாருக்கும் வேலை சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் அழுவதைப் பார்ப்பதைவிட அந்த அடியே மேல் என்று இருந்தது. அட்டையை மொத்தமாக நர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததையும் சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 9

இன்று மாத்திரை இல்லை. நிஜமாகவே.

ஏப்ரல் 12

காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது. நேற்றிலிருந்து புதிதாக ஒரு கொப்புளமும் வரவில்லை. மூச்சு தேவலை, குழாயை எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்து ஷாரோன் ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறாள். ஒரு தாத்தா, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி, கையில் ஐஸ்கிரீம்.

டி.டி.இ. எழுந்துவிட்டார். எல்லாப் பெட்டிக்கும் போகிறார். கிரியாட்டினின் 1.9.

ஏப்ரல் 15

2.2. டாக்டர் வேறொரு மருந்தைக் கூட்டினார். அக்காவிடம் எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறாள் போலிருக்கிறது. என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. மத்தியானம் இட்லியைப் பிட்டு ஊட்டியபடி, மைமூன் அத்தை வீட்டில் நான் ராத்திரி படுக்கையை நனைத்த கதையைச் சொன்னாள். நர்ஸ் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இது எனக்கு ஞாபகமே இல்லை. இல்லாததும் நல்லதுதான்.

ஏப்ரல் 18

1.8. இறங்குகிறது. பொருக்குகள் உதிர ஆரம்பித்துவிட்டன. ரோஸ் மாத்திரையை இன்றிலிருந்து பாதி அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். அக்கா தன் கையால்தான் தருவாளாம்.

ஏப்ரல் 20

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அக்கா பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கக் கீழே போனாள். டாக்டர் என்னை மட்டும் உட்காரச் சொன்னார்.

"ரத்தத்துல எதிர்ப்பு அணுக்கள் நல்லா வந்திருக்கு சார். இனிமே உங்க உடம்புக்கு அம்மையைத் தெரியும்."

"கிட்னி?"

"1.7ல நிக்குது. பழைய அளவுக்கு வராதுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு. ஆனா ஓடும்."

கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. "அக்காகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல டாக்டர். அவங்க கொடுத்தது."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"அவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல சார். மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்னைக்கே என் ரூமுக்கு வந்தாங்க. இது போயிருச்சுன்னா என்கிட்ட இன்னொண்ணு இருக்குல்ல, அதை எடுத்து அவனுக்கு வைக்கலாமான்னு கேட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது முடியாதும்மா, அப்புறம் நீங்க எப்படி இருப்பீங்கன்னேன். ராஜு ஒரு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தான்ல, அதே மாதிரி நானும் இருந்துக்கிறேன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு சிரிச்சுட்டேன் சார். அவங்க சிரிக்கல. தேதி எப்பன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லுங்க, திண்டுக்கல் வீட்டைப் பூட்டிட்டு வரணும்னாங்க."

எழுந்து வந்துவிட்டேன். டாக்டருக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

வாசலில் அக்கா ஆட்டோக்காரரை நிழலில் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எவ்வளவு நேரம்டா? டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றாள்.

"நல்லா இருக்குன்னாங்க."

"அதான் எனக்குத் தெரியுமே. மாஸ்க்கை மூக்குக்கு மேல இழு. உள்ள தள்ளி உட்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆட்டோ கிளம்பி மேம்பாலம் வரைக்கும் அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அக்கா பதறித் திரும்பி, "எங்கடா வலிக்குது?" என்றாள்.

ஆமாம், வலிக்கிறது என்றேன்.